மீசை சும்மா கிடக்கிறான்

செப்டம்பர் 4

கீழ்வீட்டு ஆன்ட்டி இஸ்திரிப் பெட்டி கேட்டு வந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே அக்காவிடம், "தங்கச்சி என்ன பண்றா?" என்றார். நான் அங்கேயேதான் நிற்கிறேன்.

"சும்மாதான் இருக்கா ஆன்ட்டி" என்றாள் அக்கா. அப்போது என் இடுப்பில் பாப்பா, கையில் பாப்பாவின் ஈரத்துணி. மருந்துக்கடை வேலையை விட்டதிலிருந்து அக்கா தன்னையும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். "நானும் சும்மாதான்."

அக்காவுக்குப் பிரசவம் என்று அம்மா ஒரு மாதத்துக்குத்தான் என்னை இங்கே அனுப்பினாள். பள்ளியில் கடைசி வருஷம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இப்போது பாப்பாவுக்கு எட்டுப் பல். திரும்பிப் போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. ஏன்? வாய் வரைக்கும் வரும். அப்புறம் அங்கேயே நின்றுவிடும்.

மாமாவின் மீன் தொட்டியில் முன்கண்ணாடி பச்சையாகிக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 6

பாசி தின்பதற்கென்றே மாமா இரண்டு கெளுத்தி வாங்கி விட்டிருக்கிறார். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தேய்த்தபடியே நகரும். மூக்கைச் சுற்றி முள்முள்ளாக முளைத்திருப்பவன் மீசை. முளைக்காதது மொட்டை. பெயர் வைத்தது மாமாதான்.

இன்று மொட்டை, தொட்டிக்குள் படுக்க வைத்திருக்கும் சின்ன மண்பானைக்குள் போனது. மீசை பின்னாலேயே போய் வாசலை அடைத்துக்கொண்டான். வெளியே விடவே இல்லை. துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தாலும் அப்படியே. சண்டையா? ரவுடித்தனமா? கண்ணாடியைத் தட்டினேன். கண்டுகொள்ளவே இல்லை.

செப்டம்பர் 7

மொட்டை வெளியே வந்துவிட்டது, வயிறு ஒட்டிப்போய். இப்போது மீசை வரமாட்டேன் என்கிறான்.

செப்டம்பர் 9

மாமா லிஃப்ட் பழுது பார்ப்பவர். கைக் கறையைக் கழுவிக்கொண்டே தொட்டியைப் பார்த்தார். "இவன் ஓபி அடிக்கிறான் பாரு. கண்ணாடி நாறிப்போய்க் கெடக்கு, தொரை உள்ள தூங்குறாரு. ஞாயித்துக்கிழமை கடையில குடுத்துட்டு வேற வாங்கிட்டு வர்றேன். சும்மா கெடக்கறவனுக்கு இங்க எதுக்கு எடம்?"

எனக்கு ஏன் குப்பென்று வியர்த்தது? மீனைத்தானே சொன்னார்.

அவன் தூங்கவில்லை. நான் பார்க்கும்போதெல்லாம் செட்டையையும் வாலையும் அடித்துக்கொண்டே இருக்கிறான். யாரும் துரத்தவில்லை. எங்கேயும் போகவும் இல்லை. நின்ற இடத்தில் எதற்கு இந்த ஓட்டம்? வெள்ளரித் துண்டு போட்டேன், அதற்கும் வரவில்லை. மொட்டைதான் முழுக்கத் தின்றது. மூச்சு முட்டுகிறதா அவனுக்கு? செத்துப்போவானா?

செப்டம்பர் 10

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்.

அக்கா குளிக்கப் போனதும், நோய் ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம் என்று பானையைத் தூக்கினேன். அவன் பானையோடயே வர்றான். எறங்கவே மாட்டேங்கிறான். கொஞ்சம் சாய்ச்சேன் — உள்ளேருந்து மஞ்சளா என்னமோ உருண்டுச்சு. முட்டை! தொட்டியில் இருக்கும் குட்டிக் கப்பி மீன்கள் பாய்ந்து வந்து லபக் லபக்கென்று விழுங்கிவிட்டன. மீதி கொத்தாக உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பானையைப் பழையபடி வைத்துவிட்டேன்.

அப்படியென்றால் மீசைதான் அம்மாவா? அம்மாவுக்கு மீசையா? வயிறு ஒட்டிப்போனது மொட்டைக்குத்தானே? அது என்னமோ சம்பந்தமே இல்லாத மாதிரி கண்ணாடியில் மேய்ந்துகொண்டிருக்கிறது. ஒண்ணுமே புரியல. யாரிடம் சொல்வது? பானையை ஏன் தூக்கினாய் என்று கேட்பார்கள்.

செப்டம்பர் 12

முட்டைக் கொத்தை வாயால் மேய்கிறான். தின்கிறானா? இல்லை, கொத்து குறையவில்லை. வெள்ளையாகிப் போன ஒன்றை மட்டும் வெளியே தள்ளினான். சுத்தம்தான் செய்கிறான் போல. என்ன, கண்ணாடியை இல்லை.

நாளை ஞாயிறு.

செப்டம்பர் 13

மாமா வலையும் பிளாஸ்டிக் பையுமாக வந்தார். நான் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றது. வலை தண்ணீருக்குள் இறங்கியது.

"அவன் சும்மா இல்ல மாமா!"

என் குரலா அது? பாப்பா பயந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என்னது?"

"பானைக்குள்ள முட்டை இருக்கு. அதை விட்டுட்டு அவனால வர முடியல."

மாமா செல்போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தார். "அடப்பாவி! இவ்ளோ நாளா நான் மீசைன்னு கூப்பிட்டது ஒரு பொம்பளையையா?"

கடைக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அவர் இருமி இருமிச் சிரித்தார். "ஆம்பளதான் சார். முட்டை போட்டதும் அம்மா கெளம்பிடும். காவல் காக்கறது, விசிறி விடறது எல்லாம் அப்பா. குஞ்சு வர்ற வரைக்கும் சாப்பிடக்கூட வெளிய வராது."

மாமா போனை வைத்ததும், அழுதுகொண்டிருந்த பாப்பாவை அக்கா தூக்கி அவர் மடியில் போட்டாள். "கேட்டுச்சா?"

"அது மீனுடி."

"நீங்க மனுஷன்தானே. ஒரு மணி நேரம் பாத்துக்கோங்க, போதும்."

சாயங்காலம் துணி மடிக்கும்போது அக்கா கேட்டாள், "தெரிஞ்சும் ஏன்டி இத்தனை நாளா வாயத் தொறக்கல?"

மீனைத்தான் கேட்டாள். நான் வேறு எதற்கோ பதில் சொல்லிவிட்டேன். "ஸ்கூலுக்குப் போறியான்னு யாரும் கேக்கலையே க்கா."

எப்படி வந்தது அது?

செப்டம்பர் 14

அக்கா சரியாகப் பேசவில்லை. கோபமா? ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவோடு போனில் பேசியபோது கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 22

முன்கண்ணாடியில் குஞ்சுகள்! கண்ணும் வாலும்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் நூல் அகலத்துக்குப் பச்சையைத் தின்று கோடு போடுகிறது. மீசை ஒருவழியாக வெளியே வந்து வெள்ளரி தின்றான். பாதியிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பானைக்குள் பார்த்துவிட்டு வந்தான். எதற்கு? உள்ளே ஒன்றும் இல்லையே.

அக்டோபர் 30

தனித்தேர்வு எழுத அக்கா சேர்த்துவிட்ட மாலை வகுப்பு விட்டு வர இருட்டிவிட்டது. படியில் கீழ்வீட்டு ஆன்ட்டி என் பையைப் பார்த்து, "எங்க போயிட்டு வர்ற?" என்றார். என்னிடமே கேட்டார். "படிக்க" என்றேன். ஒரு வார்த்தைதான். ஆனால் அவர் காதில் விழுந்தது.

மருந்துக்கடையில் மறுபடி சேர்ந்திருக்கும் அக்கா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. மாமா பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே தொட்டி முன்னால் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"மீசை மறுபடி உள்ள போயிட்டான்" என்றார் மெதுவாக.

"சும்மாவா மாமா?"

"உஷ்! ரெண்டு பேரும் வேலையா இருக்கோம்."