ஈரமில்லாத இடம்

டிசம்பர் 3

இன்றும் ஊற்றிவிட்டார். முழுச் சொம்பு.

விடியுமுன் எழுந்து, வற்றிப்போன ஏரியின் நடுக்குழியில் குந்தியிருந்து, சிரட்டை சிரட்டையாக ஊறியதை வழித்துக் குடத்தை நிரப்பி, தலையில் சுமந்து ஒரு மணி நேரம் நடந்து வருகிறேன். சும்மாட்டை எடுப்பதற்குள் என் கணவர் அன்செல்மோ சொம்போடு வந்து நிற்கிறார். குடிக்கவா? இல்லை. கிளாரிந்தா கல்லறையில் இருக்கும் ரோஜாச் செடிக்கு!

கிளாரிந்தா அவருடைய முதல் மனைவி. செத்து எட்டு வருடம். எனக்குக் கல்யாணமாகி ஆறு. என் அப்பாவும் இவருடைய அம்மா கித்தேரியாவும் ஒரு கோப்பை காப்பியில் பேசி முடித்த கல்யாணம். நான் பின்கட்டில் பயறு உரித்துக்கொண்டிருந்தேன். "என்னைய எதுக்குக் கேக்குறாங்க?" என்றேன். "வீட்டுக்கு ஒரு பொம்பள வேணுமாம்" என்றார் அப்பா. ஆறு வருடமாக நான் அந்த ஒரு பொம்பளைதான். அவர் படுக்கிற தூளி முன்னறையில், அவள் படத்துக்குக் கீழே. என்னுடையது அடுப்படியில்.

செத்த மாடு எட்டுப்படி கறந்ததாம். வயிறு எரிகிறது. எழுதினால் கொஞ்சம் அடங்குகிறது. இந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நோட்டை ஒளித்து வைக்கக்கூட வேண்டியதில்லை.

டிசம்பர் 13

லூசியம்மாள் திருநாள். நேற்று சாயங்காலம் அத்தை ஆறு உப்புக்கல்லைப் பலகையில் வரிசையாக அடுக்கி முற்றத்தில் வைத்தார். ஜனவரி முதல் ஜூன் வரை, மாதத்துக்கு ஒன்று. காலையில் எந்தக் கல் கசிந்திருக்கிறதோ அந்த மாதம் மழை. ஆறும் வைத்தபடியே காய்ந்து கிடந்தன.

அத்தை என் காலைப் பார்த்தார்.

"இவ காலெடுத்து வெச்ச வருஷத்துலேருந்து ஒரு நல்ல மழை உண்டா? எங்க கிளாரிந்தா இருந்தப்ப ஏரி கரை தட்டி நிக்கும்."

அன்செல்மோ பக்கத்தில்தான் இருந்தார். 'ஏம்மா இப்படிப் பேசுற' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. வாயில் என்ன, கொழுக்கட்டையா?

என் காலைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்?

டிசம்பர் 20

எழுதிவிடுகிறேன். அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

வெறுங்காலோடு நடந்தால் பூமிக்கடியில் தண்ணீர் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். உள்ளங்கால் சில்லிட்டுப்போகும். தண்ணீர் ஆழத்தில் இருந்தால் குளிர் கணுக்காலோடு நின்றுவிடும். கிட்டத்தில் என்றால் முழங்கால், தொடை என்று ஏறும். உப்புத் தண்ணீராக இருந்தால் சிராய்ப்பில் பட்டது மாதிரி எரியும். ஏழு வயதில் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கே செருப்பு வாங்கி மாட்டிவிட்டாள். "சூனியக்காரின்னு சொல்லி அடிச்சுத் தொரத்துவானுங்கடி. புருஷன் வீட்டுல செருப்பக் கழட்டாத."

கழற்றவில்லை. போன மாதம் கல்லறைத் திருநாளன்று கிளாரிந்தாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது வார் அறுந்துவிட்டது. மண்ணில் கால் பட்டது. குளிர் தொப்புள் வரை ஏறியது. பல் கிட்டிப்போய் நின்றேன். நல்ல தண்ணீர். எட்டே சாண்.

இந்தப் பண்ணை முழுக்க ஒரே பாறை. மண்வெட்டி இறங்கிய ஒரே இடம் என்றுதான் அவளை அங்கே புதைத்தார்கள். பாறை பிளந்திருப்பதும் அங்கே மட்டும்தான். தண்ணீர் அந்தப் பிளவில் வருகிறது.

சொன்னால்? செத்தவளின் எலும்பைக்கூட விடமாட்டேன் என்கிறாள் என்பார்கள். செருப்பை நானே தைத்துப் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 4

தண்ணீர் பார்க்கிற லிபானியு ஒரு வாரம் எங்கள் சோற்றைத் தின்றுவிட்டு இன்று போனான். கொய்யாக் கவட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நடந்தான். மூன்று இடம் காட்டினான். மூன்று குழி வெட்டினார்கள். மூன்றிலும் பாறை.

"குச்சி சரியாத்தான் சொல்லுது. பாறைதான் கேக்க மாட்டேங்குது" என்றான். வெட்கங்கெட்டவன். ஓர் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போனான்.

முதல் குழிக்கு அடையாளம் போட்டபோதே, யாரும் பார்க்காத நேரம் செருப்பைக் கழற்றி நின்று பார்த்தேன். அடுப்புக்கல் மாதிரி காய்ந்திருந்தது. சொல்லவில்லை. வெட்டட்டும். கை காய்க்கட்டும். ஆறு வருடத்தில் அன்செல்மோ என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "காப்பி இருக்கா?" கேட்காதவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஜனவரி 11

அலமாரியிலிருந்த சூசையப்பர் சுரூபத்தைக் காணோம். இங்கே அப்படி ஒரு வழக்கம்: மழைக்காக யாரோ திருடியிருக்கிறார்கள், பெய்தால் பவனியாகத் திருப்பிக் கொண்டுவருவார்கள். போகட்டும். இந்த வீட்டிலிருந்து அவராவது தப்பித்தார்.

ஜனவரி 26

ஊரே கருகிக் கிடக்கிறது. மாடுகளுக்குக் கள்ளியைச் சுட்டு முள்ளெடுத்துப் போடுகிறோம். அந்த ரோஜா மட்டும் பூத்துவிட்டது. கல்லறை மண்ணும் ஈரமாக இருக்கிறதாம்.

கேட்க வேண்டுமா? சுற்றியிருக்கிற மூன்று பண்ணைக்காரர்களும் வந்து முட்டி போடுகிறார்கள். ஈர மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். புனிதவதி கிளாரிந்தாவாம்! காணிக்கையாகத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். தண்ணீரை! குழியில் சிரட்டையால் வழித்த தண்ணீரை! ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிற ஒரு மண்டை இல்லையா இந்தக் கூட்டத்தில்? கீழ தண்ணி இருக்குடா, மடப்பசங்களா!

அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "புண்ணியவதி. செத்தும் குடுக்குறா. சிலது உசுரோட இருந்தும் ஒண்ணுத்துக்கும் ஆகல."

பிப்ரவரி 8

மாடு மேய்க்கிறவர் மனைவி மரினெட்டிதான் இங்கே என்னோடு நின்று பேசுகிற ஒரே ஆள். அவள் பெண்குழந்தைக்கு ஐந்து மாதம். இன்னும் ஞானஸ்நானம்கூட ஆகவில்லை. அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குழித் தண்ணீரில் மாவு கரைத்துக் கொடுத்தாள். மூன்று நாளாக வயிற்றால் போகிறது. உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. அழக்கூடத் தெம்பில்லை.

தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டி ஒரு பாட்டில் வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோய்க் கல்லறையில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"கிளாரிந்தாம்மா பாத்துக்குவாங்கக்கா."

அவள்மேல் கோபமில்லை. நவம்பரிலிருந்து தெரியும் எனக்கு. மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு, எல்லாரும் படட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். என் வீம்புக்கு இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? சீ, நானும் ஒரு மனுஷியா?

பிப்ரவரி 9

சொல்லிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டில்.

"கிளாரிந்தா கல்லறைக்குக் கீழ எட்டு சாணுல தண்ணி இருக்கு. எங்காலுக்குத் தெரியும்."

அத்தை கரண்டியைப் போட்டார். "பாத்தியாடா? செத்தவகூட சக்களத்திச் சண்ட!"

அன்செல்மோ என்னை நேராகப் பார்த்தார். "அவ பேச்ச நீ எடுக்காத."

"இந்த வீட்டுல வேற யாரு பேச்சு இருக்கு? எழுந்தா அவ, படுத்தா அவ. நான் கொண்டாந்த தண்ணி அவளுக்கு. நான் யாருங்க இங்க?"

"வாய மூடு."

"மூட மாட்டேன். அங்க ஒரு பச்சப்புள்ள சாகக் கெடக்குது. வெட்டிப் பாருங்க. எட்டு சாணுல தண்ணி வரலேன்னா என்னைய எங்கப்பா வீட்டுக்குத் தொரத்துங்க. கழுதகூட வேணாம், நடந்தே போறேன்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 10

யாரும் என்னோடு பேசவில்லை. புதிதா என்ன?

பிப்ரவரி 11

காலைக் காப்பி முடிந்ததும் மண்வெட்டியை எடுத்தேன். செருப்பைக் கழற்றி அத்தையின் கண்ணெதிரே முற்றத்தில் வீசினேன். கல்லறையின் தலைமாட்டில், ரோஜாவை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு வெட்டினேன்.

ஜனம் கூடிவிட்டது. "பேய் புடிச்சிருக்கு." "பாதிரியாரக் கூப்புடுங்க." ஒருத்தரும் கிட்டே வரவில்லை. நாலு சாண் வெட்டினேன். உள்ளங்கைத் தோல் உரிந்து பிடியெல்லாம் ரத்தம். நிமிர்ந்தால் அன்செல்மோ நிற்கிறார், தொப்பி கையில். இழுத்துப்போட்டு அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அடிக்கட்டும், நான் இன்றைக்கு விடுவதாயில்லை.

மண்வெட்டியைப் பிடுங்கினார். குழிக்குள் இறங்கினார்.

ஐந்து. ஆறு. ஏழில் மண் சேறானது. எட்டாவது சாணில் அவர் பாதத்தைச் சுற்றித் தண்ணீர் ஏறியது. மரினெட்டிதான் முதலில் பாத்திரத்தோடு ஓடிவந்தாள்.

பிப்ரவரி 28

குழந்தை தேறிவிட்டது. இன்று ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். பெயர் என்ன தெரியுமா? கிளாரிந்தா! அந்தப் பெயரை என் வாயாலேயே சொல்லவைத்தார்கள். மரினெட்டி அழுதுகொண்டே சொன்னாள்: "தண்ணி குடுத்தவங்க பேருக்கா."

கிணற்றுக்கும் புனிதவதி கிளாரிந்தா கிணறு என்று பெயர் வைத்தாகிவிட்டது. தண்ணீர் இருப்பதை யார் கண்டுபிடித்தார்கள் என்று பாதிரியார் கேட்டார். எட்டு சாண் என்று நான் சொன்னதைக் காதால் கேட்டவர், மீதி நாலு சாணைத் தன் கையால் வெட்டியவர், தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "எம்மருமக கனவுல வந்து சொல்லியிருக்கா" என்றார் அத்தை. எந்த மருமகள் என்று சொல்ல வேண்டுமா!

வாய் வரைக்கும் வந்தது. குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 19

சூசையப்பர் திருநாள். இன்றைக்குள் பெய்யாவிட்டால் இந்த வருடம் மழை இல்லை. பெய்யவில்லை. சுரூபமும் திரும்பி வரவில்லை. பக்கத்துப் பண்ணைகளிலிருந்து லாரி ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பண்ணையில் யாரும் போகவில்லை.

போன வாரம் கிணற்றை அகலப்படுத்தும்போது ஒரு பக்கம் சரிந்தது. கிளாரிந்தாவின் சவப்பெட்டிப் பலகை தெரிந்தது. கறுத்து, ஊறி, உப்பிப்போய். அன்செல்மோ அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். காப்பிக்கு என்று நினைத்துக் கோப்பையை எடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நெஞ்சுச்சளியில செத்தவ அவ. கடைசி வரைக்கும் குளுருது குளுருதுன்னா." வாசல்படியில் உட்கார்ந்தார். "எட்டு வருஷமா தண்ணியில போட்டு வெச்சிருக்கேன். போதாதுன்னு தெனம் ஒரு சொம்பு வேற ஊத்தினேன்."

எடுத்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஒட்டீலியா, ஈரமே இல்லாத எடமும் ஒங்காலுக்குத் தெரியுமா?"

ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. "இப்பத்தான் என்கிட்ட கேக்கத் தெரிஞ்சுதா?" என்றேன்.

"ஆமா" என்றார். வேறு சாக்குச் சொல்லவில்லை.

செருப்பைக் கழற்றினேன். அதைக் குனிந்து எடுத்து அவர் கையில் வைத்துக்கொண்டார். பொழுது சாயும்வரை நடந்தோம், நான் முன்னால், அவர் பின்னால். ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் மேட்டுப் பாறையில் ஓரிடம். குளிரின் சுவடே இல்லை. ரொட்டி சுட்டு எடுத்த அடுப்பு மாதிரி கதகதப்பாக இருந்தது. அங்கேயே நின்றேன்.

"வெட்ட முடியாது. மேல கல்லடுக்கித்தான் கட்டணும்" என்றேன்.

"கட்டுவோம்" என்றார்.

எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. நாளைக் காலை அவளைத் தூக்குகிறோம். தலைமாட்டை அவர் பிடிக்கிறார். கால்மாட்டை நான் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.