நீர் புகழாத அணி

உதைபந்தாட்டப் பருவத்தின் முடிவில், மேல் பிரிவுக்கு ஏறுவதற்கான பிளே ஓஃபுக்கு எந்த அணிகள் வரும் என்று யாராவது கேட்டால் அட்டவணையைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவேன். போன வருடம் அந்த அணிகளைப் பற்றி நீர் சொன்னதை நீரே நம்பினீரா என்று கேட்டால்? அதற்கு அட்டவணை உதவாது. இன்று பின்னேரம் உம்முடைய மகள் கேட்டது அதைத்தான்.

பயிற்சி முடிந்த கையோடு ரயிலேறி ஹொல்ம்லியாவில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஈரக் கையுறைகளை என்னைக் கேட்காமலே பல்கனிக் கம்பியில் கொழுவினாள். அவள் போய்ச் சற்று நேரமாகிறது, கையுறைகளும் அவளோடு போய்விட்டன. ரப்பரும் வியர்வையும் கலந்த மணம் மட்டும் போகவில்லை. உம்முடைய காரின் பின் ஆசனத்தில் வருடக்கணக்காகக் குடியிருந்த மணம். யன்னலை அகலத் திறந்தால் போய்விடும். இன்னும் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். அவளுடைய இப்போதைய கழகம் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை. இரண்டாம் பிரிவிலேயே வேறு இரண்டு கழகங்கள் அவளைக் கேட்டிருக்கின்றன. ஒன்று, நாம் கடற்கரைக்காரர் என்று பெயர் வைத்த தெற்குக் கழகம். அட்டவணையில் முதலிடம். அங்கே இரண்டாவது கோல்காப்பாளராக, பெரும்பாலும் பெஞ்சில். மற்றது வடக்குக்காரர். பிளே ஓஃப் இடங்களுக்குச் சற்றுக் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போனால் முதலாவது கோல்காப்பாளர். கோடை இடைவேளைக்கு முந்திய கடைசி ஆட்டம் நாளை, இங்கே ஒஸ்லோவில், அதுவும் கடற்கரைக்காரரோடு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். பிழையான இடத்துக்குப் போனால் இரண்டு வருடம் பெஞ்சில் கழியும், அல்லது யாரும் பார்க்காத ஊரில் கழியும். இருபத்திரண்டு வயதில் ஒரு கோல்காப்பாளருக்கு இரண்டு வருடம் சின்ன விஷயமில்லை.

“அன்ரி, ரண்டிலை எது பிளே ஓஃபுக்கு வரும்?”

“கடற்கரைக்காரர் பிளே ஓஃப் இல்லாமல் நேரை மேலை போகவும் கூடும். வடக்குக்காரருக்கு இனி வாற ஆட்டங்கள் கஷ்டம். ஆனா அவையள் விட்ட கோலிலை முக்கால்வாசி கீப்பரின்ரை பிழை.”

“அப்ப நான் போனா?”

“நீ போனா என்ன நடக்கும் எண்டு அட்டவணையிலை இல்லை.”

என் தொழிலை நீர் கேலி செய்வீர். கட்டடங்களின் தீப்பாதுகாப்பைச் சரிபார்ப்பவளுக்கு யார் மேலும் நம்பிக்கை வராது என்பீர். உண்மைதான். இந்தக் கதவு தீயைத் தாங்கும் என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும் நான் குனிந்து கீழ் இடைவெளியைப் பார்ப்பேன். அதே போலத்தான் இந்த அழைப்புகளையும் பார்த்தேன். முதலிடத்தில் இருக்கிற அணி பருவத்தின் நடுவில் எதற்காக இன்னொரு கோல்காப்பாளரைத் தேடுகிறது? இருக்கிறவளுக்குக் காயமா? இல்லை, வடக்குக்காரர் இவளைக் கேட்டது தெரிந்து, அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது என்று பிடித்துப் பெஞ்சில் இருத்தப் பார்க்கிறார்களா? அடுத்த வருடம் நீதான் முதலாவது என்று அவர்களுடைய பயிற்றுநர் வாயால் சொன்னாராம். வாயால் சொன்னதை ஒப்பந்தத்தில் எழுதக் கேட்டாயா என்றேன். எழுந்து போய்க் கையுறைகளைத் திருப்பிக் கொழுவினாள். வடக்குக்காரரையும் நான் விட்டுவைக்கவில்லை. பருவத்தின் நடுவில் கோல்காப்பாளரை மாற்றுகிற அணிக்குள் வேறு ஏதோ சண்டை இருக்கும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “அம்மா போன வருசம் இந்த ரண்டு கிளப்பைப் பற்றியும் கதைச்சவா. ஞாபகம் இருக்கோ?”

மறக்கக்கூடியதா? ஸ்டோவ்னரில் உம்முடைய வீட்டுச் சோபாவில், யூலை மாதத்தில் போர்வை போர்த்துக்கொண்டு இருந்தீர். தொலைக்காட்சியில் சத்தத்தை நிறுத்தியிருந்தீர், வர்ணனையாளருடைய குரல் தலையிடி தருகிறது என்று. நாம் ஒவ்வொரு வருடமும் செய்வது போல, பருவத்தின் நடுவில், யார் பிளே ஓஃபுக்கு வருவார்கள் என்று பிடுங்குப்பட்டுக்கொண்டிருந்தோம்.

“கடற்கரைக்காரரை ஒருத்தரும் அசைக்கேலாது,” என்றீர். “வடக்குக்காரர் வரவே மாட்டினம். அவையளிட்டை ஒரு கீப்பர் இல்லை.”

தேத்தண்ணியோடு வந்த மகள் பகிடியாகக் கேட்டாள்: “அப்ப நான் போகட்டோ?”

“நீயோ? உனக்கு உயரம் காணாது,” என்றீர்.

மூவரும் சிரித்தோம். அவள் எங்களோடு சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் ஒரு வருடமாக அந்தச் சொல்லை உள்ளே வைத்திருந்திருக்கிறாள் என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“அம்மா உண்மையாத்தான் சொன்னவாவோ, அன்ரி? இல்லாட்டி அந்த நாவூறுக் கதையோ?”

எந்தக் கதை என்று எனக்கு விளக்கத் தேவையில்லை. நாம் துரொண்ட்ஹெய்மில் ஒன்றாகப் படித்த காலத்திலேயே அதைக் கண்டுகொண்டேன். மாணவர் விடுதியின் பொது அறையில், அந்த ஊர் அணி வரிசையாக வென்றுகொண்டிருந்த ஓர் இலையுதிர்காலத்தில், எல்லாரும் கத்திக்கொண்டிருக்க நீர் மட்டும் உதட்டைப் பிதுக்கினீர். “என்னத்தை விளையாடுறாங்கள்? மாடு மேய்க்கிற மாதிரி.” அந்த அணிக்கு நீர் பயித்தியம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். விரும்புகிறதைப் புகழக் கூடாது, புகழ்ந்தால் நாவூறு பட்டு விழுந்துவிடும் என்பது உம்முடைய சட்டம். விழ வேண்டியதை மட்டும் வாய் நிறையப் புகழலாம்.

“பௌதிகம் படிப்பிக்கிற உமக்கு நாவூறோ?” என்று பிறகு எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

“பௌதிகத்துக்கு வெளியிலையும் கொஞ்ச இடம் கிடக்கு. நீர் அங்கை வராதேயும், இடம் காணாது.”

கோயில் அன்னதான வரிசையில் நாம் ஒருமுறை பிடுங்குப்பட்டது நினைவிருக்கிறதா? பின்னால் நின்ற ஐயா ஒருவர், “பொம்பிளையளுக்கு ஏன், பிள்ளையள், பந்துக் கதை? சாம்பாரைப் பாருங்கோ,” என்றார். நீர் திரும்பிப் பார்த்தீர். “ஐயா சொல்லுங்கோவன், இந்த முறை ஆர் வருவினம்?” அவர் பெருமையோடு தன் அணியின் பெயரைச் சொன்னார். “ஐயோ, அவையளைப் போல ஒரு அணி உலகத்திலையே இல்லை!” என்று கன்னத்தில் கை வைத்தீர். மனிதர் குளிர்ந்துபோய் உமக்கு வழிவிட்டார். வடையை வாங்கிக்கொண்டு என் காதுக்குள் சொன்னீர்: “முடிஞ்சுது அவற்ரை அணி.”

இதில் எனக்கு எப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. நீர் திட்டிய அணிகள் எல்லாம் நீர் விரும்பியவை அல்ல. சில அணிகள் உண்மையாகவே மோசம், அதனால் திட்டினீர். புகழ்ந்தவற்றிலும் அப்படியே. கேட்டால் சிரிப்பீர். எப்படிப் பார்த்தாலும் பொருந்துகிற ஒரு விதி எதையும் சொல்வதில்லை. போன வருடம் கடற்கரைக்காரர் பிளே ஓஃப் வரை வந்து தோற்றார்கள், வடக்குக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த முடிவு வந்தபோது நீர் இல்லை.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஓம் பிள்ளை, அம்மா உன்னைப் பெரிய கீப்பர் எண்டுதான் நினைச்சவா என்று. நீர் என்னிடம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததை உம்முடைய பெயரில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொன்னேன்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஏதோ ஒரு சுற்றுப்போட்டியில் நன்றாக விளையாடியிருந்தாள். எதிரணிப் பிள்ளை ஒன்றின் தாய், நோர்வேக்காரி, உம்முடைய கையைப் பிடித்து, இவள் ஒருநாள் தேசிய அணிக்கு விளையாடுவாள் என்றாள். உம்முடைய முகம் வெளிறியது. நன்றி கூடச் சொல்லாமல் பிள்ளையைக் காரில் ஏற்றினீர். நானும் கூட வந்தேன். வீட்டுக்குப் போனதும் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அவளுடைய தலையைச் சுற்றி, அடுப்பில் சட்டியை வைத்து அதற்குள் போட்டீர். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் புகை எழுந்து, மாடிக்கட்டடம் முழுவதும் எச்சரிக்கை மணி அடித்தது. பத்து மாடிச் சனமும் செருப்போடு வெளியே நின்றது. தீயணைப்புப் படையிடம் காரணம் சொன்னவள் நான். ஒஸ்லோவில் தீப்பாதுகாப்பு அலுவலர் ஒருத்தி நாவூற்றுக்குச் சாக்குச் சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கும். சமையலில் சின்னத் தவறு என்றேன். அவர்களில் இளைஞர் ஒருவர் தும்மிக்கொண்டே தலையாட்டினார். எரியும்போது மிளகாய் மணக்கவில்லை, ஆகவே நாவூறு பட்டிருந்தது உண்மைதான் என்று நீர் எனக்குப் பின்னால் நின்று அடம்பிடித்தீர். வெளியே நின்ற சனம் முழுவதும் இருமிக்கொண்டிருந்தது.

“இதுதான் நான் கண்டது,” என்றேன் மகளிடம்.

அவள் கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். “அம்மா எல்லாத்துக்கும் சுத்தினவா, அன்ரி. புதுக் காருக்கும் சுத்தினவா. அப்பா வாங்கின சோபாவுக்கும் சுத்தினவா.”

மிளகாய் சுற்றியது பயத்துக்குச் சாட்சி. நம்பிக்கைக்குச் சாட்சியா? சோபாவுக்கும் பயந்தீர் என்றால் அந்தச் சாட்சியும் நிற்காது. அவள் என் மகளாக இருந்திருந்தால் இப்படித்தான் தர்க்கம் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இக்கே சன்ட், அப்படித்தானே, என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுக் கையுறைகளை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாள். முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு, உம்மிடம் கேட்க முடியாததை என்னிடம் கேட்க வந்தாளோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

நீர் போன பிறகு உம்மைப் பற்றி எல்லாரும் நல்லதையே சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நீர் இருந்தால் முழங்கையால் இடித்து நிறுத்தச் சொல்வீர். நீர் ஏமாற்றுகிறீர் என்று தெரிந்துகொண்டே இருபது வருடங்களுக்கு மேல் உம்மோடு வாதாடியவள் நான். உம்முடைய ஒரு சொல்லையும் நம்பாமல் உம்மை முழுவதுமாக நம்பியிருந்தேன். அது எப்படி என்னால் முடிந்தது என்று இப்போதும் விளங்கவில்லை. உம்மிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த விளங்காமைதான். அதைத் தீர்க்க எனக்கு அவசரமும் இல்லை.

இதுவரை நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மைதானத்துக்குப் போனேன். கோலுக்குப் பின்னால், வேலியோரம் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கடற்கரைக்காரர் நாம் நினைத்ததை விட மெதுவானவர்கள். ஆனால் களைப்பதில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில், யாரும் கோல் போடாத நிலையில், அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உம்முடைய மகள் இடது பக்கம் பாய்ந்தாள். பந்து அவளுடைய விரல்நுனியில் பட்டு வெளியே போனது.

“கெட்டிக்காரியடி! உன்னைப் போல ஆரும் இல்லையடி!”

கத்தியது யார் என்று சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்த பிறகுதான் அது நான் என்று எனக்கே தெரிந்தது. வலைக்குள்ளிருந்து அவளும் திரும்பிப் பார்த்தாள். அடுத்து வந்த மூலை உதையில் ஒருத்தி எழும்பித் தலையால் முட்ட, பந்து உள்ளே போனது. ஒன்றுக்குப் பூச்சியம், தோல்வி. தற்செயல்தான். மூலை உதைகளில் கோல் விழுவது வழமை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடிந்ததும் அவள் நேரே வேலிக்கு வந்தாள்.

“அது நீங்களோ கத்தினது?”

“ஓம்.”

“அன்ரி, இனி என்ரை மட்ச்சிலை அப்பிடிக் கத்தாதேங்கோ. பிளீஸ்.”

அவளுடைய முகத்தில் பகிடி இல்லை. கண்டிப்பாகத்தான் சொன்னாள். நான் தலையாட்டினேன். அங்கேயே வேலியில் சாய்ந்து நின்று கைத்தொலைபேசியை எடுத்தாள். முதலில் கடற்கரைக்காரருக்கு மாட்டேன் என்றாள். பிறகு வடக்குக்காரருடைய பயிற்றுநரை அழைத்து வருகிறேன் என்றாள். அவர் ஆட்டத்தை நேரலையில் பார்த்திருக்க வேண்டும். பெனால்டியைத் தடுத்ததை அவர் நீளமாகப் புகழ்வது எனக்கும் கேட்டது. பெனால்டி அடித்த பெண் எந்தப் பக்கம் அடிப்பாள் என்று ஒரு கிழமையாக வீடியோ போட்டுப் பார்த்துப் பயிற்சி செய்தவள் இவள். மற்றக் கையால் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டு நோர்வேஜிய மொழியில் அவரிடம் சொன்னாள்:

“அது சும்மா அதிர்ஷ்டம்.”