களா நோன்பும் கால் நோவும்

ஜனவரி 5, திங்கள்

இன்று ஸஹ்லாவின் உடற்பயிற்சி வகுப்புக்குப் போனேன். சாய்ந்தமருதில் அவளுடைய வீட்டு மேல்மாடி. பெண்கள் மட்டும், திங்களும் வியாழனும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு. பத்தாம் வகுப்பில் நான் கணக்குப் படிப்பித்த பிள்ளை. அப்போது வாய்ப்பாடு கேட்டால் முழிப்பாள். இன்று அவள் எண்ண எண்ண, ஐம்பத்தொன்பது வயதில் நான் குந்தி எழும்பினேன். மற்றவர்கள் பத்துத் தடவை. நான் இருபது. டீச்சர் பின்னுக்கு நிற்கலாமா?

இரண்டு வருடமாகக் கதிரையில் இருந்துதான் தொழுகிறேன். முழங்கால் தேய்வு கொஞ்சம்தான், தொடையில்தான் பலமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். நோன்பு மாதத்துக்கு இன்னும் ஆறு கிழமை. இந்த முறை நோன்பு இரவுகளின் தராவீஹ் தொழுகையை நிலத்தில் தொழ வேண்டும். என் நெற்றி நிலத்தில் பட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஜனவரி 6

யா அல்லாஹ். கட்டிலை விட்டு எழும்ப ஏலாது.

ஜனவரி 7

நேற்றையது ஒன்றுமில்லை, இன்றுதான் நோவு! படி இறங்கப் பக்கவாட்டில் நண்டு மாதிரிப் போகிறேன். என் மனுசன் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "ஆருகா உனக்கு அடிச்ச?" என்றார். சிரித்தால் வயிறும் நோகிறது.

ஜனவரி 8, வியாழன்

ஸஹ்லா என் இருபதை ஆறாகக் குறைத்தாள். முதல் இரண்டு மூன்று நாள் நோகத்தான் செய்யுமாம், படுத்தே கிடந்தால் இன்னும் இறுகுமாம். மெதுவாக நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், முட்டையும் மீனும் தின்ன வேண்டும், நேரத்துக்கு உறங்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "டீச்சர், கணக்க வகுப்பில செஞ்சாலும் மண்டையில ஏறுற நித்திரையிலதானே. உடம்பும் அப்படித்தான்." இந்த வாய் அப்போது எங்கே இருந்தது?

எனக்கோ வேறொரு கணக்கு. போன நோன்பில் காய்ச்சலால் விட்ட ஆறு நோன்பை இன்னும் களாச் செய்யவில்லை. அடுத்த நோன்பு வருவதற்குள் பிடித்து முடிக்க வேண்டும். திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்க நல்ல நாட்கள். வகுப்பும் அதே நாட்கள். மூன்று கிழமையில் ஆறும் முடியும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஸஹ்லாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

ஜனவரி 12

முதல் களா. வகுப்பும் முடிந்தது. கொஞ்சம் தலை சுற்றியது, பரவாயில்லை.

ஜனவரி 15

இரண்டு முடிந்தது. நோன்பு திறந்து கஞ்சி மட்டும் குடித்தேன். சோறு தின்னத் தெம்பில்லை. தொடை தீயாய் எரிகிறது. திங்கள் நோவே இன்னும் போகவில்லை.

ஜனவரி 19, திங்கள்

நாலாவது எண்ணும்போது கண் இருண்டது. அப்படியே தரையில் இருந்துவிட்டேன். எழும்ப வரவில்லை. இரண்டு பேர் தூக்கினார்கள். பகல் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஸஹ்லா கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. தண்ணீரைத் தன் கையாலேயே என் வாயில் வைத்தாள். நோன்பு முறிந்தது.

"நீங்க விழுந்து தலைகிலை அடிபட்டிருந்தா, நான் ஆருக்கு முகம் காட்டுற, டீச்சர்?"

இரண்டு மாங்காயும் போச்சு.

ஜனவரி 20

எனக்கென்ன விசரா? பேரப்பிள்ளைகள் இருக்கிற வயசில ஆருக்குக் காட்டப் போன நான்? இனி வகுப்பும் வேணாம், ஒண்டும் வேணாம். கதிரையில தொழுதா அல்லாஹ் ஏற்றுக்கொள்ள மாட்டானா? ஏற்றுக்கொள்வான். தெரியும். ஆனா எனக்கு நிலத்தில தொழ ஆசை. அதுதான் அழுகை வருகுது.

பின்னேரம் இவர் இரண்டு முட்டை அவித்து உரித்துக் கொண்டுவந்தார். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை அடுப்படிக்குள் போயிருக்கிறார். "மிச்சம் நாலு நோன்பையும் சனிக்கிழமையில பிடிப்பம். நானும் உன்னோட பிடிக்கன். வகுப்பு நாள்ல வயிறு நிறையத் தின்." கலண்டரைப் பார்த்தேன். நோன்புக்கு முன் சரியாக நாலு சனிக்கிழமை. கணக்கு டீச்சருக்குப் பக்கத்தில் இருந்தே இந்த மனுசன் கணக்குப் படித்திருக்கிறார்.

ஜனவரி 24, சனி

மூன்றாவது களா. இவருக்குப் பசி, எனக்கு இல்லை.

ஜனவரி 27

நேற்று வகுப்பு. வந்ததும் முட்டை, சோறு, பாரை மீன் ஆணம். பத்து மணிக்கே படுத்தேன். காலையில் இவரோடு கடற்கரையில் மெதுவாக அரை மணி நடை. நோவு இருக்கிறது, ஆனால் நண்டு நடை இல்லை. முட்டையெல்லாம் உம்மாவே தின்றால் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறது என்று மகள் நுஸ்ஹா சண்டைக்கு வந்தாள். அவளிடமே காசு கொடுத்து இன்னும் முப்பது வாங்கச் சொன்னேன்.

பெப்ரவரி 5

தரையில் குந்தி மீன் வெட்டினேன். எழும்பி, கழுவி, சட்டியில் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. கை ஊன்றாமல் எழும்பியிருக்கிறேன்!

பெப்ரவரி 14

ஆறும் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பெப்ரவரி 16, திங்கள்

இன்று ஸஹ்லா இலேசான அசைவுகளோடு அனுப்பிவிட்டாள். இனித் தராவீஹ் வரைக்கும் பயிற்சி கூடாதாம், நடை மட்டும். முந்தி என்றால் களவாக வீட்டில் செய்திருப்பேன். இப்போது ஓம் என்று தலையாட்டினேன்.

பெப்ரவரி 19, வியாழன், காலை

நேற்றுப் பிறை கண்டாயிற்று. தெருமுனை மத்ரஸாவில் பெண்களுக்கான தராவீஹ். நுஸ்ஹா எனக்குப் பக்கத்தில் நின்றாள். இருபது ரக்அத்தில் எட்டை நிலத்தில் தொழுதேன். தொடை லேசாக நடுங்கத் தொடங்கியதும் நானாகவே கதிரைக்குப் போய் மிச்சப் பன்னிரண்டையும் முடித்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இன்னும் இருபத்தொன்பது இரவு கிடக்கிறது.

எழுத வந்தது அதுவல்ல. முதல் இரண்டு ரக்அத்தின் கடைசி சுஜூது. எல்லோரும் நிமிர்ந்து இருந்துவிட்டார்கள். நான் மட்டும் நெற்றியை நிலத்தில் வைத்தபடி கிடந்தேன். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் நுஸ்ஹா என் கையைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"உம்மா, எழும்ப ஏலாமப் போச்சா? நான் பயந்திற்றன்."

"ஏலும் மகள்," என்றேன். "எழும்பத்தான் மனம் வரல்ல."