செவ்வந்திக் காட்டில் விழுந்த பெட்டி

ஜனவரி 7, செவ்வாய்
கடையில் இன்று இரண்டு செல்லுக்கு டிஸ்ப்ளே மாற்றியதோடு சரி. மத்தியானம் பொன்னழகு அக்கா போன் பண்ணினார். அவருடைய செவ்வந்திக் காட்டில் வானத்திலிருந்து ஏதோ விழுந்து கிடக்கிறதாம். "செழியா, வெரசா வா. வெடிகிடியா இருந்துறப் போகுது."

போய்ப் பார்த்தால் கிழிந்த பலூன். வெள்ளித்தாள் சுற்றிய தெர்மாகோல் பெட்டி, உள்ளே சின்ன சர்க்யூட் போர்டு. வானிலை பார்க்க விடுகிற பலூன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் செல்லை எடுத்தேன். 'வடமதுரையில் விழுந்த வேற்றுகிரகக் கப்பல், எந்த நோயையும் குணமாக்கும் ஒளி, நம்மிடம் இல்லாத தொழில்நுட்பம்' என்று பேசி வீடியோ போட்டேன். அக்காவே சிரித்துவிட்டார்.

ஜனவரி 8
நான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்!

ஜனவரி 10, வெள்ளி
போலீஸ் வந்து பெட்டியை எடுத்துப் போனார்கள். வானிலை பலூன் என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். "மறைக்கிறாய்ங்க" என்று, வீடியோ பார்த்துக் காட்டுக்கு வந்த கூட்டம் இரண்டு மடங்கானது. பறிக்க நின்ற பூவெல்லாம் மிதிபட்டு மண்ணோடு மண்ணாக — அக்கா என்னிடம் பேசவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு
பழைய வீடியோவை அழித்தேன். உண்மையைச் சொல்லிப் புதிதாக ஒன்று போட்டேன். அதற்குள் யார் யாரோ பழையதை எடுத்துப் பரப்பிவிட்டார்கள். புதியதற்கு வந்த கமெண்ட் எல்லாம் ஒன்றுதான்: "அண்ணன மிரட்டிட்டாங்க. மூஞ்சியப் பாருங்க, தெரியும்."

ஜனவரி 20, திங்கள்
செம்பட்டியிலிருந்து சூசைமாணிக்கம் என்று ஒரு கொத்தனார் கடைக்கு வந்தார். மனைவி செபாஸ்தியம்மாளுக்குக் கண்ணில் அழுத்தமாம். நாளைக்கு மதுரையில் ஆபரேஷன். கூட்டிப் போகப் போவதில்லையாம்.

"கத்தின்னா பயப்படுறா தம்பி. அந்த வெளிச்சம் பட்ட மண்ண நெத்தியில பூசி, கொஞ்ச நாள் பாக்குறோம்."

போட்டோவைக் காட்டினேன். பலூன், தெர்மாகோல், எல்லாம் சொன்னேன். பொய் சொன்னது நான்தாங்கய்யா, நாளைக்கே கூட்டிட்டுப் போங்கன்னு கத்தினேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதீங்க தம்பி. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

இந்த மனுஷனுக்கு எப்படித்தான் புரிய வைக்கிறது? இன்னும் என்னத்தச் சொல்லித் தொலைய?

ஜனவரி 21
சூசைமாணிக்கத்தின் நம்பருக்குப் பதினோரு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு
பெட்டி விழுந்த இடத்துக்கு அக்கா கயிறு கட்டி வழி விட்டிருக்கிறார். கேட்பவர்களிடம், "ஆமா, வெளிச்சமாத்தான் எறங்குச்சு" என்கிறார். ஏங்க்கா என்றேன்.

"பலூனுன்னா மறைக்கிறோம்னு செடிக்குள்ள எறங்கித் தேடுறாய்ங்க. வெளிச்சம்னா ஓரமா நின்னு கும்பிட்டுப் போறாய்ங்க. மிச்சச் செடியாவது நிக்கட்டும்ல."



பிப்ரவரி 23, ஞாயிறு
காட்டுப் பக்கம் போனேன். சூசைமாணிக்கம் மனைவியோடு நின்றிருந்தார். போன வாரம்தான் மதுரைக்குப் போனார்களாம். கண் நரம்பு போய்விட்டது, இனி ஆபரேஷனால் பிரயோஜனம் இல்லை, போன மாதமே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"இந்தத் தம்பிதான் மொதல்ல பாத்தவரு" என்று அந்த அம்மாவின் கையை எடுத்து என் கையில் வைத்தார்.

அந்த அம்மா என் முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தபடி கேட்டார். "எந்தப் பக்கம்ப்பா எறங்குச்சு?"

பலூன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கெழக்கேம்மா."

தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன். கும்பிட்டார்.