இடது செருப்பின் புது ஓட்டை

அக்கா,

பெயின்ட் அடிக்கப் பரணைக் காலி செய்தபோது உன் செருப்பு ஜோடி கிடைத்தது. வலது செருப்பின் வார் மூன்றாவது ஓட்டையில் பூட்டியபடி இருக்கிறது. இடது வாரில் இருந்த ஓட்டைகள் போதாமல், நுனியில் கோணலாக இன்னொன்று. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி நான் போட்டது. ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்த உன் இடது காலில் மாவுக்கட்டுப் பிரித்து ஒரு வாரம். "கண்ணு, இந்தச் செருப்பு பத்தமாட்டீங்குது, இன்னொரு ஓட்டை போட்டுக் குடு" என்றாய். இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. நான் பெரிய வைத்தியன் மாதிரி தைலம் ஊற்றி அழுத்தித் தேய்த்தேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டாய்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமாக்கா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"கட்டுப் பிரிச்ச காலு, வீங்கத்தான் செய்யும். இப்பப் போனா படுக்க வெச்சுப்போடுவாங்க. அப்புறம் உனக்கு இணைச்சீர் யாரு செய்யறது?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாப்பிள்ளைக்குச் சகோதரி முறையில் ஒருத்தி செய்யும் சீர்தான்; பெரியப்பா மகள் நின்றிருந்தாலும் நடந்திருக்கும். எனக்கு நீதான் வேண்டியிருந்தது. கூறைச்சேலையின் ஒரு நுனி என் கக்கத்தில், மறுநுனி உன் கையில். போட்டோவில் சிரிக்கிறாய். மண்டபத்துப் படியேறும்போது, "மேல்மூச்சு வாங்குது கண்ணு, நெஞ்சு குத்துது" என்றாய். வாயுவாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்தேன்.

மத்தியானப் பந்தியில் கைகழுவப் போன இடத்தில் விழுந்தாய். அன்னூர் மண்டபத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கார் பறந்தது. கோவில்பாளையம் தாண்டும் முன்பே உன் கை என் கையில் குளிர்ந்துவிட்டது. நான் மாலையைக்கூடக் கழற்றவில்லை.

"கால்ல கட்டின ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிடுச்சுங்க. கட்டுப் போட்ட காலு, ஒண்ணு மட்டும் வீங்கிச் சூடா இருந்தா அன்னைக்கே வந்திருக்கணும். தேய்க்கவே கூடாது. மூச்சு வாங்கினா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது" என்றார் டாக்டர். திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர், மும்பையிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தவர், ஒரு காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பிடுங்கினேன். "ஏனுங்க, சட்டையாவது போட்டுக்கறனுங்க" என்றவரை லுங்கியோடு காரில் ஏற்றினேன். ஸ்கேனில் ரத்தக்கட்டி இருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். பழத்தட்டோடு வந்து கும்பிட்டபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அக்கா.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் கால்களுக்குத்தான் போகிறது. என் மனைவி கிண்டல்கூடச் செய்வதில்லை. செருப்பைப் பரணில் திரும்ப வைக்கவில்லை. வாசலில், என் செருப்புக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறேன். அன்றைக்கு ஓட்டை போடத் தெரிந்த எனக்கு, ஏன் ஒரு காலுக்கு மட்டும் என்று கேட்கத் தெரியவில்லை.