நீ விரல் வைத்த பெயர்

அம்மா,

உன் வேதாகமத்தை இன்று காலை திறந்தேன். நம் லயத்து வீட்டு அடுப்புப் புகை வாசம் இன்னும் போகவில்லை. கடைசிப் பக்கங்களுக்குக் கொஞ்சம் முன்னால் பழுப்பாக ஒரு கறை, தேயிலைக் கொழுந்துக் கறை, உன் ஆள்காட்டி விரல் அளவுக்கு. அதற்கு நேர் மேலே என் பெயர்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைக்குப் பேர் வைக்க நம் தோட்டத்தில் ஒரு வழி இருந்தது. கோயில் உபதேசியார் அந்த வீட்டு வேதத்தை விரித்துப் பிடிப்பார். தாய் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைப்பாள். விரலுக்குப் பக்கத்தில் எந்தப் பேர் வருகிறதோ அதுதான் பிள்ளைக்கு. நீ மலையிலிருந்து இறங்கி, கைகூடக் கழுவாமல் ஓடிவந்து வைத்த விரல் இது. மற்ற பிள்ளைகளுக்கு மரியாள், மார்த்தாள் என்று வந்தது. எனக்கு வந்தது ஐனிக்கேயாள். இன்னொரு தடவை வைத்துப் பார்க்கிறாயா என்று உபதேசியாரே கேட்டாராம். கர்த்தர் கொடுத்ததை மாற்ற மாட்டேன் என்று நீ ஒரே பிடியாக நின்றாயாம். அதை நீ பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊரில் எல்லாரும் 'அயினி' என்று சுருக்கினார்கள். நீ மட்டும் சுருக்க மாட்டாய். மேல் மலையில் நின்று 'ஐ'யை இழுத்துப் பிடித்து, மெதுவாக 'யா'வில் கொண்டுவந்து விடுவாய். ஹல்துமுல்லைப் பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்புக் கூப்பிடும்போது என் முறை வருமுன்பே பிள்ளைகள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ஒருநாள் இங்கிலீஷ் மிஸ், இதே பேரை இங்கிலீஷில் யூனிஸ் என்பார்கள் என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். பதுளையில் கந்தோர் வேலை கிடைத்தபோது நான் யூனிஸ்தான். சிரிக்க ஒருத்தரும் இல்லை.

அங்கேதான் நீ வந்தாய். மகளைப் பார்க்க ரொட்டி சுட்டுத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி. கவுண்டரில் நின்று, மலையில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாய். கந்தோரே திரும்பிப் பார்த்தது. இது யார் என்று பெரிய கிளாக்கர் சிரித்துக்கொண்டே கேட்டார். உன்னைக் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இனிமே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாத. யூனிஸ்னு சொல்ல வரலைன்னா சும்மா இரு."

நீ என்னைப் பார்த்தாய். "சரிங்க" என்றாய்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை என்ன சொன்னாலும் நீ சொல்வது அதுதான். பெற்ற பிள்ளைக்கும் அதையே சொன்னாய். அன்றைக்கு நானும் அந்தக் கணக்கப்பிள்ளைகள் வரிசையில் ஏறி நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் இரண்டு பேரையுமே நீ சொல்லவில்லை. போன் எடுத்தால் "நான்தான்" என்பாய். வீட்டுக்கு வந்தால் "இங்க பாருங்க" என்பாய். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் உன்மேலும் எனக்குக் கோபம் அம்மா. உபதேசியாரிடம் அப்படி நின்றவள் என்னிடம் ஏன் நிற்கவில்லை? அந்த பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒரு அறை விட்டிருக்கலாமே. கன்னம் வீங்கியாவது எனக்குப் புத்தி வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த அன்று, மகள் பேர் என்ன என்று நர்ஸ் கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு நீ என் பக்கம் திரும்பினாய்.

"என்னான்னு சொல்லட்டுங்க?"

நான் நர்ஸிடம் யூனிஸ் என்றேன். இப்போதாவது உன் இஷ்டப்படி சொல்லம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

நாளை உன் வருட நினைவு ஆராதனை. நம் தோட்டத்துக் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உபதேசியார், சின்னப் பையன், மத்தியானம் போன் பண்ணினார். ஜெபத்தில் பிள்ளையின் பேரையும் வாசிக்க வேண்டுமாம். ஞானஸ்நானப் பதிவில் வேறு மாதிரி இருக்கிறதாம். எப்படி வாசிக்கட்டும் அக்கா என்றார். பதிவில் இருக்கிறபடியே வாசியுங்கள் என்றேன். அவருக்கு நாக்கு புரளவில்லை. ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். கவுண்டரில் யாரோ ஒருத்தியின் பேரைக் கூப்பிடுவது போல வந்தது. போனை வைத்துவிட்டு, வீட்டுக்குள் தனியாக நின்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். எங்கே இழுப்பாய், எங்கே விடுவாய் என்பதெல்லாம் தெரிகிறது. நீ கூப்பிட்டது போல மட்டும் வரவில்லை.

நாளை அவர் தட்டித் தடுமாறி வாசிப்பார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நான் எழுந்து நிற்பேன். ஆனால் நீ கூப்பிட்ட அந்தக் குரலை எவ்வளவு தேடியும் எனக்குக் கேட்கவில்லை அம்மா. கேட்பதெல்லாம் அந்த "சரிங்க" ஒன்றுதான்.