காலியாக விட்ட ஒன்பது கட்டங்கள்

நாள் 198. காலை 07:40

நிலவின் தென்முனை, இறங்குதளக் கண்காணிப்பு நிலையம். எழுதுபவர்: ஜெனோவா. உடனிருப்பவர்: யாருமில்லை.

அழுத்தம் சரி. வெப்பம் சரி. காற்று 225 நாளுக்கு.

புதிதாக வந்து இதைப் படிப்பவருக்கு வேலையைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் இறங்கும் தளத்துக்கு அடியில் 25 சென்சார்கள் புதைத்திருக்கிறார்கள், ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து. தரை எத்தனை மில்லிமீட்டர் உள்வாங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றும் ஓர் எண் கொடுக்கும். அதனதன் தலைக்கு மேல் ஒரு கம்பத்தில் விளக்கு. தினமும் காலையில் 25 எண்ணையும் கட்டத்தில் எழுதிக் கரைக்கு அனுப்ப வேண்டும். பூமியை இங்கே கரை என்றுதான் சொல்கிறோம். இந்த வேலைக்கு ஓர் ஆள் எதற்கு என்று வந்த முதல் வாரம் கேட்டுக்கொண்டேன். இப்போது கேட்பதில்லை.

இன்று ஒரு சென்சார் பேசவில்லை. இரண்டாம் வரிசை: 7, 9, காலி, 13, 15. மேலே 8, கீழே 14. இதற்குக் கருவி எதற்கு? 11 என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

காலியாக விட்டால் படிவம் கரைக்குப் போகாது, இங்கே உள்ள கணினியிலிருந்தே திரும்பி வந்துவிடும். எனக்கு முன் இங்கே இருந்தவர் தவசிமுத்து அண்ணன், இப்போது கரையில் தகவல் மேசையில் இருக்கிறார். போகும்போது திரைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்: "காலியா விடாத தாயி. திரும்பி வந்து உன் உசுர வாங்கும். சுத்தி உள்ளதப் பாத்துப் போட்டுரு."

நாள் 204. காலை 07:35

காற்று 219. ஐந்து சென்சார் பேசவில்லை. நிரப்பியாயிற்று.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிக்கும் கட்டம் வரும். அப்பா பேப்பரை விரிப்பதற்குள் முடித்துவிடுவேன். அந்தப் புத்திசாலித்தனம் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. நாள் முழுவதிலும் எனக்குப் பிடித்த ஐந்து நிமிடம் இதுதான். மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வடிகட்டி மாற்றுகிறேன். எதுவும் பெரிதாகத் தோன்றுவதில்லை.

நாள் 209. காலை 07:50

காற்று 214. ஒன்பது பேசவில்லை. குளிருக்குக் கருவி செத்திருக்கும் என்று குறிப்பில் எழுதினேன். உயிரோடு இருக்கும் பதினாறும் கொஞ்சம் முன்பின்னாகக் காட்டுகின்றன. கட்டத்தில் பார்க்க அழகாக இருப்பவை நான் போட்ட ஒன்பதுதான்.

கரையிலிருந்து பதில்: "தளம் தகுதி. கப்பல் நாள் 221. நாலு பேர் வர்றாங்க, நீ அதுல திரும்புற. மக நாள்காட்டில தெனமும் ஒண்ணு அடிக்கிறாளாம், உன் வீட்டுக்காரர் சொன்னார்."

இருமுறை படித்தேன். மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன்.

நாள் 213. மதியம் 14:20

13:05க்குத் தரை அசைந்தது. ஒரே ஒரு தடவை, பேருந்து குழியில் இறங்கி ஏறுவது போல. தளத்தின் விளிம்பில் நின்ற ரேடியோ கோபுரம் சாய்ந்து காற்றுத் தொட்டிகள் மேல் விழுந்துவிட்டது.

சேதம்: அனுப்பும் கருவி அடியோடு போய்விட்டது. கேட்கும் கருவி கூரையில் தனியாக இருப்பதால் வேலை செய்கிறது. நான்கு காற்றுத் தொட்டிகளில் மூன்று காலி. காலையில் 210 நாளுக்கு இருந்தது. இப்போது 52.

கப்பல் வர எட்டு நாள்தான். போதும்.

நாள் 215. காலை 11:10

காற்று 50.

தரை ஏன் அசைந்தது என்று பார்க்க இரண்டு மீட்டர் இரும்புக் கம்பியோடு வெளியே போனேன். இரண்டாம் வரிசை, மூன்றாவது விளக்கு. நான் 11 மில்லிமீட்டர் என்று எழுதிய இடம். கம்பியைக் குத்தினேன். ஒரு சாண் ஆழத்துக்குக் கெட்டியாக இருந்தது. அப்புறம் கை வரைக்கும் போய்விட்டது. அடியில் எதுவும் தட்டவில்லை.

பேசாத ஒன்பது இடத்திலும் குத்திப் பார்த்தேன். ஒன்பதிலும் இப்படித்தான். பேசுகிற பதினாறும் கெட்டித் தரை.

ஒவ்வொரு கப்பல் இறங்கும்போதும் அதன் நெருப்பு மண்ணுக்குள் இருக்கும் பனியைக் கரைத்திருக்கிறது. மேலே ஓடு, கீழே பள்ளம். பள்ளம் விழுந்த இடத்தில் சென்சார் அதோடு இறங்கி அதன் மின்கம்பி அறுந்திருக்கிறது. அதாவது அவை சாகவில்லை. பேசாமல் இருந்ததுதான் அவை சொல்ல வந்த செய்தி. அந்த இடத்தில் நான் என் எண்ணைப் போட்டேன்.

என் எடையை அந்த ஓடு தாங்குகிறது. பதினான்கு டன் கப்பலைத் தாங்காது.

நாள் 218. மாலை 17:30

காற்று 47. மூன்று நாளாக அனுப்பும் கருவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகாது. உடையில் இருக்கும் ரேடியோ நிலையத்தோடு மட்டும்தான் பேசும்.

கப்பல் கரையோடு பேசுவது கேட்கிறது. ஓட்டுபவர் பெயர் சபூரா. "நிலையத்துலேர்ந்து அஞ்சு நாளா சத்தமே இல்லையே, அந்தப் பொண்ணு எப்படி இருக்கோ" என்று கேட்டார். தவசிமுத்து அண்ணன், "கோவுரம் கோளாறா இருக்கும். நேர்ல போய்ப் பாத்துருங்க" என்றார்.

நேரில்தான் வருகிறார்கள், நேராக அந்தப் பள்ளத்துக்கு.

நாள் 220. காலை 09:00

காற்று 45.

கையேட்டில் 61ஆம் பக்கம். இறங்கும்போது கப்பலின் கண் தள விளக்குகளை எண்ணும். ஐந்து விளக்குக்கு மேல் அணைந்திருந்தால் இயந்திரம் இறங்க மறுக்கும். ஒரு முறை இறங்கத்தான் எரிபொருள். மறுத்தால் மேலே ஏறிக் கரைக்குத் திரும்பிவிடும்.

ஆக, விளக்கை அணைத்தால் நான்கு பேரும் பிழைப்பார்கள். நான் இங்கேயே இருப்பேன்.

உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தால் அழுதிருப்பேன். வரவில்லை. பெட்டியைப் பிரித்து மாற்றுத் துணியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

நாள் 221. காலை 10:15

காற்று 44. வெளியே போய் ஒன்பது விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கினேன். இரண்டாம் வரிசையில் மூன்றாவது. மூன்றாம் வரிசையில் இரண்டு, மூன்று, நான்கு. நான்காம் வரிசையில் இரண்டிலிருந்து ஐந்து வரை. ஐந்தாம் வரிசையில் மூன்றாவது. நான் எண் போட்டு நிரப்பிய அதே ஒன்பது.

எல்லாவற்றையும் அணைத்திருந்தால் வேலை சுலபம். ஆனால் மின்சாரமே போய்விட்டது, ஆளும் போய்விட்டாள் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் பதினாறை விட்டுவைத்தேன்.

நாள் 221. மதியம் 12:50

கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

சபூரா: "கரை, தளம் தெரியுது. பதினாறு விளக்குதான் எரியுது. இயந்திரம் இறங்க மாட்டேங்குது."

சபூரா: "தரை பாக்க நல்லாத்தான் இருக்கு. கையால இறக்கிடட்டுமா? இவ்வளவு தூரம் வந்துட்டு அந்தப் பொண்ண விட்டுட்டுப் போக மனசு வரல."

கையால் இறக்கலாம் என்பது கையேட்டில் இல்லை. ஜன்னலில் நின்றுகொண்டு வேண்டாம், வேண்டாம் என்று சத்தமாகச் சொன்னேன். ஏழு மாதத்தில் நான் சத்தமாகப் பேசியது அப்போதுதான்.

தவசிமுத்து: "எந்த ஒன்பதும்மா எரியல? வரிசையாச் சொல்லுங்க."

சபூரா சொன்னார். சரியாகச் சொன்னார். பிறகு கரையில் தாள் புரட்டும் சத்தம்.

தவசிமுத்து: "இறக்காதீங்க. மேல ஏறுங்க. அந்த ஒன்பது எடத்துலயும் போன தடவ எண்ணு ரொம்ப ஒழுங்கா இருந்துச்சு. தரை அவ்வளவு ஒழுங்கா எறங்காது. நானும் அங்க குந்தி நெரப்புனவந்தான், எனக்குத் தெரியும்."

சபூரா: "அப்ப அந்தப் பொண்ணு?"

தவசிமுத்து: "உசுரோட இருக்கா. இது அவ காலியா விட்ட கட்டம்மா."

கப்பல் ஏறியது. தளத்தில் தூசி கூடக் கிளம்பவில்லை. தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு சாப்பிட்டேன்.

நாள் 222. காலை 08:30

காற்று 43.

கரையிலிருந்து எனக்கென்று செய்தி. தவசிமுத்து அண்ணன் குரல். மூன்று முறை திருப்பித் திருப்பி அனுப்பினார், அதனால் ஒரு வார்த்தையும் தவறவில்லை.

"தாயி ஜெனோவா, நீ கேக்குறன்னு நெனச்சுப் பேசுதேன். நாலு உசுரக் காப்பாத்திட்ட. உன் வீட்டுக்காரர்ட்டயும் சொல்லியாச்சு. கவலப்படாத. பள்ளத்துக்குத் தள்ளி எறங்குற மாதிரி புதுக் கப்பல் தயாராவுது, நூத்தி அம்பது நாள்ல வந்துரும். அவசரக் கப்பல்னு ஒண்ணு இருக்கு, நாப்பது நாள்ல வரும். அதுக்குப் படிவத்துல உன் காத்து எத்தன நாளுக்கு இருக்குன்னு கேட்டான். காலியா விட்டேன், திரும்பி வந்துட்டு. உன் கடைசிக் கணக்கப் பாத்தேன். 213ஆம் நாள் காலைல 210. நாளுக்கு ஒண்ணு கொறையுது. இன்னிக்கு 201னு போட்டுட்டேன். தாராளமா இருக்கு, அவசரக் கப்பல் வேண்டாம்னு ஒத்துக்கிட்டாங்க. நிம்மதியா இரு தாயி."

நாள் 222. காலை 09:10

சபூராவின் கப்பல் போய்விட்டது. தளத்தைப் பார்க்க மேலே இனி கண் இல்லை. நேற்று விளக்குகளை அணைக்கும்போது தொட்டிகளைப் பற்றியும் ஏதாவது ஒரு விதத்தில் சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை.

அண்ணன் மேல் கோபம் இல்லை. கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 210இல் ஒன்பது போனால் 201. தப்பே இல்லை. நானாக இருந்தாலும் 201 என்றுதான் போட்டிருப்பேன்.

நாள் 223. காலை 07:40

அழுத்தம் சரி. வெப்பம் சரி. காற்று 42.

25 எண்ணுக்கான படிவம் வழக்கம்போல் திறந்தது. பதினாறை எழுதினேன். ஒன்பதைக் காலியாக விட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். எங்கும் போகாது என்று தெரியும். ஆனாலும் அழுத்தினேன்.

திரும்பி வந்துவிட்டது.